இடது காதும் ஆறு அங்குலப் பீரங்கியும்

மண்டையைத் திறந்து மூடி எட்டு மாதமாகிறது. முகத்தின் இடப்பக்கம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. சிரித்தால் பாதி முகம்தான் சிரிக்கிறது. படுக்கப் போகும்போது இடது கண்ணைப் பிளாஸ்ரர் ஒட்டித்தான் மூடுகிறேன். ஆனாலும் ஸ்பிரிங்வேல் ஸ்ரேசனில் இருந்து வீடு மட்டும், ஒரு வேலியையும் பிடிக்காமல், நேராக நடக்கிறேன். போன வருசம் இதே வீதியில் நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

காதுக்குள் இரைச்சல், நடையில் தள்ளாட்டம் என்று யாருக்காவது வந்தால், அவர்கள் என்னைப் போல விசர்க்கதை கதைத்துக்கொண்டு காலத்தைக் கடத்தக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னுடைய விசர்க்கதைக்குள்ளும் ஒரு உண்மை இருந்தது. அதையும் சேர்த்துத்தான் எழுதுவேன்.

கதை காதில் தொடங்குகிறது. கொழும்பில் நில அளவைக் கந்தோரில் படம் வரைகிறவனாக இருந்தபோது, நாற்பத்தைந்து வயதளவில், இடது காதில் ரெலிபோனை வைத்தால் ஆள் கதைப்பது கேட்கும், என்ன சொல்கிறார் என்பது விளங்காது. பிறகு ஒரு இரைச்சல் வந்து அதற்குள் குடியேறியது. யாராவது விசாரித்தால் என்னிடம் பதில் ஆயத்தமாக இருக்கும்.

"அது யுத்தத்தில போன காது. பீரங்கிக் காது."

யுத்தம் என்று நான் சொல்வது இரண்டாம் உலக யுத்தத்தை. வெள்ளைக்காரன் போன நூற்றாண்டில் இலங்கையில் தொடங்கிய தொண்டர் பீரங்கிப் படை ஒன்று இருந்தது. தொண்டர் என்றால் முழுநேரப் பட்டாளம் இல்லை. கிளாக்கர்மார், தோட்டத்துரைமார், வங்கிக்காரர் என்று கிழமை நாளில் கோட்டுப் போடுகிறவர்கள், சனி ஞாயிறில் காக்கி போட்டுப் பீரங்கிக்கு எண்ணெய் பூசுவார்கள். ஊரில் அதை ஞாயிற்றுக்கிழமைப் பட்டாளம் என்று நக்கலடிப்பார்கள். நான் சேர்ந்ததே கந்தோர்ப் பெடியள் எல்லாரும் சேர்ந்தார்கள் என்பதால்தான். யுத்தம் வந்ததும் எங்களுக்குத் திங்கட்கிழமை வந்துவிட்டது. முழுநேரமாக எடுத்து, திருகோணமலைத் துறைமுகத்தின் வாயைப் பார்த்தபடி இருந்த ஒரு குன்றில் ஏற்றிவிட்டார்கள். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

குன்றில் ஆறு அங்குலப் பீரங்கிகள் இரண்டு இருந்தன. ஆறு அங்குலம் என்பது குழாயின் வாயகலம். குண்டு ஒன்றைத் தூக்கினால் இடுப்புக் கழன்றுவிடும். சுற்றிவரக் காடு, நுளம்பு, மலேரியாக் காய்ச்சல், குவினைன் கசப்பு. குடிதண்ணீரை அடிவாரத்தில் இருந்து சுமந்து ஏற்ற வேண்டும். இடைக்கிடை, கடலில் படகு இழுத்துப் போகும் மரத் தெப்பத்தைக் குறிவைத்துச் சுட்டுப் பழகுவோம். ஒவ்வொரு வெடிக்கும் நெஞ்சுக்குள் யாரோ உதைத்தது போல இருக்கும். காதுக்குள் பஞ்சு அடைவோம். பஞ்சு அந்தச் சத்தத்துக்கு எந்த மூலைக்கு!

யப்பான்காரன் வரத்தான் செய்தான். ஆனால் கப்பலில் வரவில்லை, ஆகாயத்தில் வந்தான். எங்களுடையது கடலைப் பார்க்கிற பீரங்கி. அதன் மூக்கை விமானத்துக்கு உயர்த்த முடியாது. கீழே எண்ணெய்த் தாங்கி பற்றி எரிந்தது, புகையில் சூரியனே தெரியவில்லை. நாங்கள் எங்கள் எங்கள் இடத்தில் நின்றோம். விமானத்துக்குப் பின்னால் கப்பல் வந்தால் சுட வேண்டும் என்று கட்டளை. கப்பல் வரவில்லை. ஆனாலும் அன்றைக்குக் குன்றைவிட்டு ஒருத்தன்கூட ஓடவில்லை.

ஆக என்னுடைய போர்ச்சேவை என்பது எதிரியைப் பார்த்து ஒரு குண்டுகூடச் சுடாத சேவை. காயம் இல்லை. பதக்கத்துக்கு விண்ணப்பம் போடவில்லை. காக்கிச் சட்டையோடு எடுத்த படம் ஒன்று இருந்தது, அதையும் கறையான் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது இந்தச் செவிட்டுக் காது ஒன்றுதான். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கவில்லை.

மெல்பேர்னுக்கு வந்து டண்டினொங்கில் யந்திர உதிரிப்பாகக் களஞ்சியம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருசம், கால் பிசகத் தொடங்கியது. அலுமாரி வரிசைகளுக்கு நடுவே நடக்கும்போது இடப்பக்கமாகச் சரிந்து போவேன். ஒருநாள் காலையில் மேற்பார்வையாளன் கிட்ட வந்து, குசலம் விசாரிப்பது போல என் வாயை மணந்து பார்த்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயை அகலத் திறந்து அவன் மூக்குக்கு நேரே ஊதினேன்.

"வடிவாக மணந்து பார். தோசையும் சம்பலும். வேறொன்றும் கிடையாது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் முகம் சிவந்து போனான்.

அடுத்த கிழமை சவரம் செய்யும்போது இடது கன்னத்தில் பிளேட் வெட்டியது எனக்குத் தெரியவில்லை. சட்டைக் கழுத்தில் இரத்தத்தைப் பார்த்து என் மனைவி பரமேசுதான் குசினியில் இருந்து ஓடிவந்தாள். கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள். உறைக்கவில்லை. அன்றைக்கே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு என்னை டொக்டரிடம் இழுத்துப் போனாள்.

ஸ்பிரிங்வேல் டொக்டர் முதலில் காதுக் குறும்பியைக் கழுவி எடுத்தார். பிறகு கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பார்த்தவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். டொக்டர்மார் பேச்சைக் குறைத்தால் பயப்பட வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் ஒரு இளம் பெண் படிவம் நிரப்பினாள். பெயர், வயது, சமயம் எல்லாம் கேட்டாள். போர்ச்சேவை என்ற இடத்துக்கு வந்ததும் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, கேட்காமலே 'இல்லை' என்று எழுதினாள்.

"இருக்கு" என்றேன்.

"எந்தப் படை?"

"உங்கள் ராசாவின் படைதான். அவருக்கு என்னைத் தெரியாது, அவ்வளவுதான்."

அவள் 'இல்லை'யை வெட்டிவிட்டு, அதற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டாள். பரமேசு என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "வருத்தம் பாக்க வந்தனீங்களோ, சண்டை பிடிக்க வந்தனீங்களோ?"

காத்திருக்கும் அறையில் கதிரைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி இருக்கும். சனம் ஒன்றோடொன்று கதைக்காது. பரமேசு சுடுதண்ணிப் போத்தலில் மல்லித் தேத்தண்ணி கொண்டுவந்து, மூடியில் ஊற்றி ஊற்றித் தருவாள். அந்த மணத்துக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் அதைப் பொருட்படுத்தவே மாட்டாள்.

முதலில் காதுப் பரிசோதனை. சத்தம் நுழையாத ஒரு சிறு அறைக்குள் இருத்தி, காதில் கருவியைப் போட்டு, கூ, கீ என்று மெல்லிய ஒலிகளை அனுப்புவார்கள். கேட்டால் பொத்தானை அமத்த வேண்டும். எந்த ஒலி எவ்வளவு கேட்டது என்று ஒரு தாளில் கோடு கீறுவார்கள். அடுத்தது தண்ணீர்ப் பரிசோதனை. காதுக்குள் குளிர்ந்த தண்ணீரும் பிறகு சுடுதண்ணீரும் விடுவார்கள். சமநிலை பார்க்கிற நரம்பு உயிரோடு இருந்தால் உலகம் சுழலும். வலது காதில் விட்டபோது கூரை சுழன்று எனக்குச் சத்தி வந்தது. இடது காதில் விட்டபோது ஒன்றுமே நடக்கவில்லை. தண்ணீர் கழுத்தில் வழிந்தது மட்டும்தான்.

அதோடு என்னை வீட்டுக்கு விடாமல் ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். நாலு கட்டில் போட்ட வார்ட். பக்கத்துக் கட்டிலில் கெவின் என்றொருவன், முதுகெலும்பு வருத்தக்காரன், என் வயது. யுத்தத்தில் நியூகினிக் காட்டுக்குள் நடந்து திரிந்தவன். நானும் படையில் இருந்தவன் என்று சொன்னதும் உசாராகி எழும்பி இருந்தான்.

"பீரங்கியா? எத்தனை கப்பல் தாட்டாய்?"

"ஒன்றும் இல்லை."

"எத்தனை குண்டு சுட்டாய்?"

"எதிரிக்கு ஒன்றும் இல்லை. தெப்பத்துக்கு நிறையச் சுட்டேன்."

அவன் முதுகு நோக நோகச் சிரித்தான். அன்றில் இருந்து எனக்குக் கன்னர், அதாவது பீரங்கிக்காரன் என்று பெயர். நேர்ஸ்மாரும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள். நக்கல் என்று தெரிந்தும் நான் ஒவ்வொரு தடவையும் என்ன என்று கேட்டேன்.

பரிசோதனைகளில் பொல்லாதது முதுகு ஊசி. முள்ளந்தண்டுக்குள் ஊசி ஏற்றி, எக்ஸ்றேயில் தெரிகிற எண்ணெய் போன்ற ஒரு மருந்தை விடுவார்கள். பிறகு ஆளை மேசையோடு கட்டி, மேசையைத் தலைகீழாகச் சரிப்பார்கள். மருந்து முதுகு வழியாகத் தலைக்குள் ஓடும். இடம் வெறுமையாக இருந்தால் உள்ளே நிரம்பும். ஏதாவது வளர்ந்து அடைத்திருந்தால் அந்த இடத்தில் நிற்கும். என்னுடைய மருந்து இடது காதுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. பிறகு மூன்று நாள் தலையிடி. தலையை உயர்த்தினால் கண்ணுக்குள் மின்னல் அடிக்கும்.

சத்திரசிகிச்சை டொக்டர் உயரமான மனிதர், மெதுவாகக் கதைப்பவர். கட்டிலின் வலப்பக்கம் வந்து நின்று, எனக்குக் கேட்கும்படி சொன்னார். காதில் இருந்து மூளைக்குப் போகிற நரம்பின் உறையில் ஒரு கட்டி இருக்கிறது. அவர் அளவுக்கு ஏதோ ஒரு கொட்டையின் பெயரைச் சொன்னார், நான் பரமேசுக்கு நெல்லிக்காய் என்று சொன்னேன். புற்றுநோய் இல்லை. ஆனால் அது இருக்கிற இடம் ஒடுக்கம். மூச்சையும் விழுங்குவதையும் நடத்துகிற மூளைத்தண்டு அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கண்ணின் பின்பக்கம் வீங்கத் தொடங்கிவிட்டது, அதாவது உள்ளே அமுக்கம் கூடுகிறது. வெட்டி எடுக்க வேண்டும். அந்தக் காதில் மிச்சமிருக்கிற கேட்கும் சக்தியும் போய்விடும். முகத்தை அசைக்கிற நரம்பு கட்டியோடு ஒட்டிக் கிடப்பதால் முகமும் கோணலாம். மேசையிலேயே ஆள் போகவும் இடமுண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை.

"டொக்டர், இது கட்டி இல்லை" என்றேன். "முப்பத்தைந்து வருசத்துக்கு முந்திப் பீரங்கி அடித்த தழும்பு. இவ்வளவு காலம் சும்மா கிடந்தது. இனியும் சும்மா கிடக்கும்."

"பீரங்கிச் சத்தம் என்றால் இரண்டு காதையும் கெடுத்திருக்கும்."

"பீரங்கி ஒரு பக்கம்தான் நின்றது."

"வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் முடிவைச் சொல்லுங்கள்" என்றுவிட்டு அவர் போனார். அன்று செவ்வாய்க்கிழமை.

இப்போது ஒளிக்க என்ன இருக்கிறது? எனக்குப் பயம். நடுங்குகிற பயம். மண்டையைத் திறப்பார்கள் என்ற சொல்லைக் கேட்டதில் வந்த பயம். பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் பீரங்கியை முன்னால் நிறுத்திவிட்டு அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதோடு இன்னொன்றும் இருந்தது. கட்டிதான் என்று ஒப்புக்கொண்டால் என்னுடைய யுத்தமும் போய்விடும். அந்தக் குன்றில் நான் நின்றதற்கு என் உடம்பில் வேறொரு சாட்சியும் இல்லை.

புதனும் வியாழனும் வார்டில் வீட்டுக்காரரோடு பிடித்த சண்டையில் போயின. கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகள் மாலினி, இரண்டு பென்சிலையும் ஒரு திராட்சைப் பழத்தையும் வைத்து நரம்பு எங்கே, கட்டி எங்கே என்று காட்டினாள். நான் திராட்சையைத் தின்றுவிட்டேன். "அப்பா, திஸ் இஸ் நொற் ஃபனி" என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியது. பரமேசு அழவில்லை. புட்டைக் குழைத்து என் வலது கன்னத்துக்குள் வைத்து வைத்து ஊட்டினாள். இடது பக்கத்தால் எனக்கு விழுங்கத் தெரியாமல் போயிருந்தது.

"இஞ்சாருங்கோ, தழும்பெண்டால் இப்ப ஏன் வளருது?" என்று மட்டும் கேட்டாள்.

"அது வளரேல்லை. அவைக்குப் படம் பாக்கத் தெரியாது."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ரெஜி வந்தான். ரெஜி மட்டக்களப்புப் பறங்கி, போர்த்துக்கீசர் ஒல்லாந்தர் வழிவந்தவன். தமிழை எங்களைவிட வேகமாகக் கதைப்பான். அந்தக் குன்றில் என்னுடைய பீரங்கியிலேயே நின்றவன். யுத்தம் முடிந்து பத்தாம் வருசமே மெல்பேர்னுக்கு வந்துவிட்டான். எனக்கு இங்கே வீடு பிடித்துத் தந்ததும் அவன்தான்.

"என்ன மச்சான், இப்பிடிக் கிடக்காய்?" என்று கட்டிலில் குந்தினான். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. சாட்சி வந்துவிட்டான் அல்லவா?

"ரெஜி, கெவினுக்குச் சொல்லு. என்ர காது எப்பிடிப் போனது?"

"பீரங்கியாலதான்!" என்றான் ரெஜி, யோசிக்காமலே. "எனக்குமே ரெண்டு நாளைக்கு ஒண்டும் கேக்காது. ஒரு வெடி வெடிச்சா குன்றே ஆடும்." அதையே கெவினுக்கு ஆங்கிலத்திலும் சொன்னான்.

கெவின் தலையணையைச் சரிசெய்துகொண்டு, "அப்படியென்றால் எப்படிச் சுட்டீர்கள் என்று காட்டுங்கள். தெப்பம் தாட்ட வீரர்களைப் பார்க்கலாம்" என்றான்.

எனக்கு ரோசம் வந்தது. கட்டிலைவிட்டு இறங்கினேன். என்னுடைய கட்டில்தான் பீரங்கி. தலைமாடு யன்னல் பக்கம், அதுதான் குழாயின் வாய், யன்னலுக்கு வெளியே கடல். கால்மாடு குண்டு ஏற்றுகிற பக்கம். ரெஜி தலையணையைக் குண்டாக ஏந்திக்கொண்டு கால்மாட்டில் போய் நின்றான். பரமேசு கதிரையைப் பின்னுக்கு இழுத்தாள். எதிர்க் கட்டில் கிழவர் பேப்பரை மடித்துவிட்டுப் பார்த்தார்.

"ரேக் போஸ்ற்!" என்று ரெஜி கத்தினான். அவனவன் தன் இடத்துக்குப் போய் நில் என்பதற்கு அதுதான் கட்டளை. நான் கடைசியாக அதைக் கேட்டது வாலிபத்தில். ஆனாலும் கால்கள் யோசிக்கவில்லை. தள்ளாடிக்கொண்டே போய்க் கட்டிலின் இடப்பக்கத்தில், தலைமாட்டுக்குக் கிட்ட, யன்னலைப் பார்த்தபடி நின்றுவிட்டன. என்னுடைய வேலை குறி பார்ப்பது. தொலைநோக்கிக் குழாயில் கண்ணை வைத்து, கைப்பிடியைச் சுழற்றிப் பீரங்கியைத் திருப்புவது. வலது கையில் கட்டிலின் இரும்பு, முகம் நேரே கடலுக்கு. நேர்ஸ் ஒருத்தி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரெஜி தலையணையைக் கட்டிலில் எறிந்து, "சுடு!" என்றான்.

கெவின் கை தட்டினான். எனக்கு மூச்சு வாங்கியது, ஆனால் சந்தோசம். இத்தனை வருசத்துக்குப் பிறகும் இடம் பிசகவில்லை.

பரமேசு கை தட்டவில்லை. எழும்பி வந்து என் பக்கத்தில் நின்று, கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதுதானோ நீங்கள் நிண்ட இடம்?"

"ஓம், இதேதான்."

"எப்பவும் இந்தப் பக்கமோ? மாறி நிக்கிறேல்லையோ?"

ரெஜி சிரித்தான். "மாறி நிண்டா அதிகாரி தோலை உரிச்சுப்போடுவான் தங்கச்சி. குறி பாக்கிற குழாய் இடப்பக்கத்திலதான். மூணு வருசமா நான் பின்னால நிண்டு இவன்ட முதுகைத்தானே பாத்தன்."

"அப்ப பீரங்கி இவருக்கு வலப்பக்கமெல்லோ நிக்குது?" என்றாள் பரமேசு.

நான் கட்டிலைப் பார்த்தேன். அது எனக்கு வலப்பக்கம் இருந்தது. என் வலது காதுக்கு நேரே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில். செவிட்டுக் காது மறுபக்கம், சுவரைப் பார்த்தபடி இருந்தது.

"முகத்தைத் திருப்பியிருப்பன்" என்றேன்.

"கண்ணைக் குழாயில வச்சுக்கொண்டு எப்பிடி மச்சான் திருப்புவாய்?" ரெஜியின் குரல் இறங்கிப் போயிருந்தது.

பத்து வருசத்துக்கு மேலாகப் பீரங்கிக் காது, பீரங்கிக் காது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறேன். கந்தோரில், கலியாண வீட்டில், ரெயிலில், எத்தனை பேருக்கு! அவர்களில் ஒருவருக்கும் பீரங்கி தெரியாது. பீரங்கி தெரிந்த நான் ஒருநாளும் எந்தப் பக்கம் என்று எண்ணிப் பார்க்கவில்லை. ரெஜியும் அப்படித்தான். பீரங்கிக்காரனுக்குக் காது போனால் பீரங்கியால்தான் என்பது எங்களுக்குள் கேள்வியில்லாத விசயம். படம் வரைகிற உத்தியோகத்தில் இருந்தவனுக்கு இடம் வலம் தெரியாமல் போனதை எங்கே போய்ச் சொல்ல?

கோபத்தில் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டேன். யாரோடு கோபம் என்று தெரியவில்லை. பீரங்கி செய்யவில்லை என்றால் தழும்பு இல்லை. தழும்பு இல்லை என்றால் அது முப்பது வருசமாகச் சும்மா கிடந்த பழசும் இல்லை. பிறகு முளைத்தது, வளர்ந்துகொண்டிருப்பது. டொக்டர் சொன்ன எல்லாம் சரி. படுத்துக் கிடந்து கூரையைப் பார்த்தேன். யப்பான்காரன் குண்டு போட்ட நாளில், சுட ஒன்றும் இல்லாமல், ஓடவும் மாட்டாமல் அந்த இடத்தில் நின்றவன் நான்தானே? அதற்குச் செவிட்டுக் காது சாட்சி வேண்டுமா? அன்றைக்கு நின்ற கால்கள் இன்றைக்கும் இருக்கின்றன. சற்றுமுன் எல்லாரும் பார்க்கத்தானே போய் நின்றன.

எழும்பி இருந்தேன். "பரமேசு, டொக்டரைக் கூப்பிடச் சொல்லு. அவ்வளவு பெரிய பீரங்கிக்குத் தப்பினவன் ஒரு நெல்லிக்காயாலயோ சாகிறது?"

அப்போதுதான் அவள் அழுதாள். அத்தனை நாள் அடக்கியது எல்லாம் வந்தது. கெவின் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலையில் தலையை மழித்தார்கள். தள்ளுகட்டிலில் கொண்டுபோகும்போது கெவின் தன் கட்டிலில் இருந்து, "ரேக் போஸ்ற், கன்னர்!" என்று கத்தினான். இந்தமுறை அதில் நக்கல் இல்லை. அவன் கை சல்யூட்டில் இருந்தது.

ஒன்பது மணித்தியாலம் வெட்டினார்களாம். பரமேசுவும் மாலினியும் அந்த ஒன்பது மணித்தியாலமும் ஒரே கதிரைகளில் இருந்தார்களாம். கண் விழித்தபோது மண்டை முழுக்கத் துணிக்கட்டு, வாயில் குழாய், முகத்தின் பாதி இல்லை. இருந்தது, ஆனால் என் சொல் கேட்கவில்லை. தண்ணீர் குடித்தால் கடைவாயால் ஒழுகியது. கண்ணாடியை நான் கேட்டபோது நேர்ஸ் பிறகு தருகிறேன் என்றாள். நான் விடவில்லை, வாங்கிப் பார்த்தேன். பார்த்துவிட்டு, சொல்ல வெட்கமில்லை, அழுதேன். அழுகையும் பாதி முகத்தில்தான் வந்தது. கூட இருந்த பரமேசு சரிந்து கிடந்த என் பாதி மீசையைத் தடவிவிட்டு, "முந்தியும் நீங்கள் பெரிய மன்மதன் இல்லை" என்றாள்.

நாலாம் நாள் எழுப்பி நடக்க வைத்தார்கள். தரை படகு போல ஆடியது. நேர்ஸ் பிடிக்க வந்தாள், கையைத் தட்டிவிட்டேன். பழைய பயிற்சியில் எண்ணுவது போல ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டு கதவு மட்டும் போனேன். விழுந்தேன். அடுத்த நாளும் போனேன். பத்தாம் நாள் தாழ்வாரத்தின் மறுமுனைக்குப் போய்த் திரும்பி வந்தேன். மாலினி என் வலப்பக்கம் வந்து நடந்தாள். இப்போதெல்லாம் வீட்டில் எல்லாரும் என் வலப்பக்கம்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தாங்களாகவே மாறிவிட்டார்கள்.

போன மாதம் கடைசிக் காதுப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். சத்தம் நுழையாத அதே அறை. முன்பு இருந்த ஆள் இல்லை, புதிதாக ஒரு பெண். என்னை அவளுக்குத் தெரியாது. மிச்சமிருக்கிற வலது காதைச் சோதித்து முடித்து, தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நீங்கள் எப்போதாவது பீரங்கிக்குக் கிட்ட வேலை செய்தீர்களா?"

இத்தனை வருசமாக நான் எல்லாருக்கும் சொல்லித் திரிந்ததை, நான் சொல்லாமலே ஒருத்தி கேட்கிறாள்.

அவள் தாளைத் திருப்பிக் காட்டினாள். கோடு நேராக வருகிறது. மெல்லிய உயர்ந்த ஒலிகள் இருக்கிற இடத்தில் ஒரு குழி விழுகிறது. பிறகு கோடு மேலே ஏறிவிடுகிறது. வயதால் கெட்டால் கோடு விழுந்தது விழுந்ததுதான், ஏறாது. இப்படிக் குழி விழுந்து ஏறினால் அது பெரிய வெடிச்சத்தம் பட்ட காது என்றாள். கோப்பைப் பின்னுக்குப் புரட்டி, முதல் நாள் எடுத்த தாளையும் எடுத்தாள். அதிலும் அதே குழி. முதல் நாளே அங்கே இருந்திருக்கிறது. எல்லாரும் இடது காதின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் வலது காதின் கோட்டை ஒருத்தரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

கோப்பின் முன்பக்கத்தில் அந்தப் பென்சில் கேள்விக்குறி அப்படியே இருந்தது. அவளிடம் அழிறப்பரை வாங்கி, நானே அதை அழித்தேன். வெறும் இடத்தில், நான் சொல்லச் சொல்ல, கடற்கரைப் பீரங்கி, குறி பார்ப்பவர், வலது காது என்று அவள் மையால் எழுதினாள்.

"பரமேசு, இஞ்ச வா. இதைப் பார்."

அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். கடுகு கொள்ளாத குழி அது.

"இந்தக் குழிக்கோ இவ்வளவு காலமும் கதைச்சனீங்கள்?"

"ஓம்" என்றேன், இருக்கிற பாதி முகத்தால் சிரித்துக்கொண்டு. "இந்தக் குழிக்குத்தான்."